மரங்கொத்திக்கு 10 விழுக்காடு போதாது

செவ்வயிற்று மரங்கொத்தியின் படம் பகிரப்படும்போதெல்லாம் விருப்பக்குறிகள் குவிகின்றன. செங்காவி வண்ண மார்பும் வயிறும், கறுப்பு வெள்ளைப் பட்டைகள் ஓடும் முதுகும், ஆண்பறவையின் சிவந்த உச்சியும் யாரையும் ஈர்க்கும். ஆனால் அது வாழும் இமயமலை ஓக் காடுகளைப் பற்றிப் பேச்செடுத்தால், கற்றவர்களே ஒரே விடையோடு ஒதுங்கிவிடுகிறார்கள்: "சிவப்புப் பட்டியலில் அது கவலை குறைந்த இனம்தானே?"

அது வேறொரு கேள்விக்கான விடை. இமயம் முதல் தென்கிழக்காசியா, வடகிழக்குச் சீனா வரை பரவியுள்ள ஓர் இனம் உலகிலிருந்தே அற்றுப்போகுமா என்பதைத்தான் அப்பட்டியல் மதிப்பிடுகிறது. குமாவோனின் ஒரு மலைச்சரிவிலிருந்து அது மறைவதைப் பற்றி அப்பட்டியல் ஒன்றும் சொல்வதில்லை.

நம் காட்டுக் கணக்கின் பார்வை அதைவிடக் குறுகியது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 விழுக்காட்டை எட்டினால் அது காட்டுப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வியே இல்லை. பாஞ்ச் ஓக் காடும் சீர் பைன் தோப்பும் பழத்தோட்டமும் அக்கணக்கில் ஒன்றே. மரங்கொத்திக்கு அவை ஒன்றல்ல. ஓக் முதலிய மரங்களின் பட்டையில் வரிசை வரிசையாகத் துளையிட்டுச் சாறு அருந்துவது அது. பட்டுப்போன, உளுத்த மரத்தில் பொந்து குடைவது. மரங்கொத்திகள் கைவிட்ட பொந்துகளில்தான், தாமே குடைய இயலாத சிறு பறவைகள் பல குடியேறுகின்றன. பட்டமரத்தை "அகற்றத்தக்கது" என்று குறிக்கும் ஒவ்வொரு முறையும் இவ்வீடுகளை இடிக்க ஆணையிடுகிறோம்.

"தழைக்காக ஓக் கிளைகளை வெட்டுவோர் ஊர்மக்கள்தாமே?" என்பார்கள். வெட்டுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மரத்துக்கும் பிசினுக்குமாகப் பைனை வளர்த்தெடுத்தது காலனிய வனத்துறை. 1921-இல் குமாவோன் மக்கள் தீயிட்டவை பெரும்பாலும் அந்தப் பைன் காப்புக்காடுகளே என்பதை ராமச்சந்திர குஹாவின் ஆய்வு காட்டுகிறது. ஓக்கின் அருமை அறியாதவர்கள் அவர்கள் அல்லர்.

ஆகவே, ஆய்வு மாணவர்களே, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் கூறும் அறிக்கையை ஏற்காதீர்கள். என்னென்ன இனங்கள், எத்தனை முதுமரங்கள், எத்தனை பட்டமரங்கள் என்று கேளுங்கள். உங்கள் ஆய்வேடுகளிலும் அவற்றை எண்ணி எழுதுங்கள். எண்ணப்படாத மரம் வீழும்போது எந்தக் கணக்கிலும் குறைவு தெரிவதில்லை.