எங்க கலருக்கு எது எடுப்பு?

போன தை மாசம் அண்ணன் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்து அவளே சேர்த்த பணம். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புடவையை ஆசையாய்த் தூக்கினாள். விற்கிற பையன் அவள் முகத்தைப் பார்த்தான். 'உங்க கலருக்கு இது எடுப்பா இருக்காதுக்கா, வேற காட்டுறேன்' என்றான். இத்தனைக்கும் அவனும் எங்க நிறந்தான். பிள்ளை மறுபேச்சு பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது கேட்டாள்: 'கல்யாண போட்டோவுல நான் எப்பிடி அத்தை தெரிவேன்?'

அந்தப் புடவை எப்படி உருவாகிறது என்று எனக்குத் தெரியும். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். வீட்டுக் கடனுக்காகப் பத்து வயசில் அப்படித் தறியில் உட்கார்ந்தவள் நான். ஒன்றுக்கொன்று ஒட்டாத ரெண்டு நிறம் சேர்வதுதான் காஞ்சிப்பட்டின் அழகு என்கிறது ஊர் உலகம். 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தாச்சு. நூலில் நிறம் மாறினால் அழகு. நெய்தவள் தோளில் போட்டால் மட்டும் எடுப்பா இருக்காதாம்!

படித்தவர்கள் இதற்குத் 'தாழ்வு மனப்பான்மை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பிள்ளை தன்னம்பிக்கை வளர்த்துக்கொள்ள வேண்டுமாம். நான் கேட்கிறேன்: இது அவள் மனசில் தானா முளைத்ததா, யாரோ நட்டு வைத்ததா?

1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ கூடாது, மஞ்சள் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. சேரிப் பெண் அழகாய் இருப்பதையே குற்றமாக்கினவர்கள்தான், இவளுக்கு அழகு ஏது என்றும் கேட்டார்கள்.

அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1927 டிசம்பரில், மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் பெண்களிடம் பேசினார். தீண்டத்தகாதவள் என்று காட்டிக்கொடுக்கிற மாதிரி புடவை கட்டாதீர்கள், அந்தக் கனத்த நகைகளைக் கழற்றுங்கள் என்றார். பெண்கள் புடவைக்கட்டை மாற்றினார்கள். உடம்பின் மேல் எழுதப்பட்ட சாதியை உடம்பிலிருந்தே அழிக்கச் சொன்னார் அவர்.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பிள்ளைகள் முன்னால் வைத்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்றார்கள். பிள்ளைகள் மேல் அந்தத் தம்பதி பழி போடவில்லை. நிறம் பார்த்துப் பிரிக்கிற சமூகத்தைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பில் அந்த ஆய்வும் இடம்பெற்றது.

இங்கே என்ன நடந்தது? 1975-ல் சிவப்பாக்கும் க்ரீம் வந்தது. 2020-ல் பேரிலிருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. வியாபாரம் போகவில்லை.

சரி, வெளியாட்களை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்? இவள் பிறந்தப்போ 'கருப்பா பொறந்துட்டாளே' என்று முதலில் சொன்னது எங்க வீட்டு வாய்தான். கடலைமாவு தேய்த்துக் குளிப்பாட்டினது இந்தக் கைதான். நம் தோழர்களும் லேசுப்பட்டவர்களா? மேடையில் 'கருப்பு எங்கள் நிறம்'. பொண்ணு பார்க்கப் போனால் தரகர்கிட்ட மெதுவா, 'கொஞ்சம் செவப்பா இருந்தா தேவல.' அந்த மெதுவான பேச்சு எங்கள் பிள்ளைகள் காதில் விழாது என்று நினைக்கிறீர்களா?

அவள் கடைசியில் எடுத்து வந்தது, அந்தப் பையன் காட்டின வெளிர் ரோஸ் புடவை. பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை. 'மஞ்சளையே எடும்மா' என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. தறியில் உட்கார்ந்த காலத்திலிருந்து என் உடம்புக்குள்ளும் அதே பயம் இருக்கிறது.

தன்னம்பிக்கை வகுப்பு எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் தோழர்களே. முதலில் நம் வீடுகளில் நிறம் கேட்கிற வாயை மூடுவோம்.