வினவலும் ஒரு வாதமே: சித்தூர், திருப்பதித் தரவுகளை முன்வைத்து

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் எத்தனை பேர்? எல்லைப்புற மொழிச்சூழலை ஆராயும் எவரும் இக்கேள்வியைத் தவிர்க்க முடியாது. விடையாக ஓர் எண் தரப்படும். மூலம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ற அடிக்குறிப்போடு பேச்சு முடிந்துவிடும். அந்த எண்ணைப் பெற எழுதப்பட்ட வினவல் ஆய்வேட்டில் இடம்பெறுவதில்லை. எந்த எல்லையை, எந்த மொழிப்பகுப்பை, எந்த ஆண்டை ஆய்வாளர் ஏற்றார் என்பதெல்லாம் அவ்வினவலில்தான் இருக்கிறது. ஆகவே வினவல் என்பது எழுத்தர் வேலையன்று. அது ஆய்வின் வாதப்பகுதி.

முதலில் எல்லை. சித்தூர் மாவட்டம் உருவானது 1911இல். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி அதிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. 2022 ஏப்ரல் 4இல் நடந்த மறுசீரமைப்பில் திருப்பதி தனி மாவட்டமானது. பழைய சித்தூரின் திருப்பதி, சந்திரகிரி, காளத்தி, சத்தியவேடு பகுதிகளோடு நெல்லூர் மாவட்டத்தின் கூடூர், சூளூர்பேட்டை, வெங்கடகிரி பகுதிகளும் அதில் சேர்ந்தன. மதனப்பள்ளிப் பகுதி அன்னமய்யா மாவட்டத்துக்குச் சென்றது. எனவே 2011ஆம் ஆண்டுத் தரவில் ‘திருப்பதி மாவட்டம்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ‘சித்தூர்’ என்று தேடினால் இன்றைய சித்தூர் கிடைக்காது. மண்டல அளவில் தரவை எடுத்து, எந்த மண்டலம் இன்று எந்த மாவட்டத்தில் உள்ளது என்னும் இணைப்பு அட்டவணையைத் தனியே வைத்துக் கூட்டுவதே முறை. பெயரால் தேடாமல் குறியெண்ணால் தேடுவதும் நல்லது. பாலக்காட்டிலும் ஒரு சித்தூர் வட்டம் உண்டு. குறியெண்களை எண்களாக அன்றி எழுத்துகளாகவே படிக்கவேண்டும். இல்லையேல் முன்னிற்கும் சுழியங்கள் உதிர்ந்துபோகும்.

அடுத்தது மொழி. கணக்கெடுப்பில் ‘மொழி’ வேறு, ‘தாய்மொழி’ வேறு. 2011இல் 121 மொழிகளும் அவற்றுள் அடங்கிய 270 தாய்மொழிகளும் பட்டியலிடப்பட்டன. தமிழ் என்னும் மொழித்தலைப்பின் கீழ் எருகலாவும் கைக்காடியும் கொரவாவும் அடங்கும். எருகலர் ஆந்திரத்தின் பட்டியல் பழங்குடியினர். ஆகவே மொழித்தலைப்பின் தொகையையும் தாய்மொழி வரியின் தொகையையும் ஒன்றெனக் கொள்வது அங்குச் சிறு பிழையன்று. ஒரு பழங்குடியின் பேச்சு சத்தமின்றித் தமிழ்க்கணக்கில் கரைந்துவிடுகிறது. எதை எண்ணுகிறோம் என்பதை மொழியியலர் முடிவு செய்யவேண்டும். அட்டவணையின் தலைப்பு முடிவு செய்யலாகாது.

கூட்டலிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரே அட்டவணையில் மொத்தமும் அதன் உட்பிரிவுகளும் அடுத்தடுத்த வரிகளாக நிற்கின்றன. மாவட்ட வரியையும் அதன் மண்டல வரிகளையும் சேர்த்துக் கூட்டினால் தொகை இரட்டிக்கும். மொழித்தலைப்பையும் தாய்மொழிகளையும் சேர்த்தால் அது மேலும் பெருகும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 2011இல் சித்தூர் மாவட்ட மக்கள்தொகை 41,74,064, மண்டலங்கள் 66. தாய்மொழிகள் அனைத்தையும் கூட்டும்போது இத்தொகை வராவிட்டால், தமிழுக்கான எண்ணை நம்புவதற்கு ஆதாரமில்லை.

களப்பணித் தரவில் வேறொரு சிக்கல். குப்பத்திலோ நகரியிலோ தமிழும் தெலுங்கும் ஒருசேரப் பேசும் வீட்டில், தாய்மொழிக் கட்டம் நிரப்பப்படாமல் விடப்படலாம். எஸ்.கியூ.எல். மொழியில் அக்கட்டம் ‘நல்’ எனப்படும் வெறுமை. ‘தமிழ்’ என்று தேடினால் அவ்வீடு வராது. ‘தமிழ் அல்லாதவை’ என்று தேடினாலும் வராது. வெறுமையைத் தனியே கேட்டாலன்றி, ஆய்வுக்கு மிகவும் வேண்டிய இருமொழிக் குடும்பங்களே கணக்கிலிருந்து மறைந்துபோகும்.

இனிச் செயற்கூறுகளுக்குத் தரப்படும் செயலுருபுகள். ஆங்கிலத்தில் எழுவாயையும் செயப்படுபொருளையும் சொல்லின் இடம் காட்டுகிறது. தமிழில் உருபு காட்டுகிறது. ‘முருகனை வள்ளி கண்டாள்’ என்றாலும் ‘வள்ளி முருகனைக் கண்டாள்’ என்றாலும் கண்டவள் வள்ளியே. இட அடிப்படையில் செயலுருபுகளைத் தருவது முதல்வகை. பெயர்சொல்லித் தருவது இரண்டாம்வகை. மாவட்டக் குறியெண்ணும் ஆண்டும் இரண்டுமே எண்கள்; இடம் மாறினால் கணினி தடுக்காது, சுழியத்தை விடையாகத் தரும். அச்சுழியத்தை ‘தமிழர் இல்லை’ என்று படித்துவிடும் ஆபத்தும் உண்டு. பைத்தானில் அளபுருப் பட்டியலில் ஓர் உடுக்குறியை இட்டால், அதற்குப் பின்வருவன அனைத்தையும் பெயர்சொல்லியே தரவேண்டும். தமிழறிந்தவருக்கு இவ்வொழுங்கு புதிதன்று.

தானமைவு மதிப்புகளிலும் கவனம் வேண்டும். ஆண்டு தரப்படாவிட்டால் 2011 எனக் கொள்க என்று எழுதினால், அம்முடிவு செயற்கூற்றின் தலைப்பில் ஒளிந்துகொள்ளும். முடிவைப் படிப்பவர் அதைக் காணமாட்டார். முடிவை மாற்றவல்ல எதற்கும் தானமைவு கூடாது. வெற்றுப் பட்டியலைத் தானமைவாக வைப்பது அதனினும் தீது. அப்பட்டியல் செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒருமுறை மட்டுமே உருவாகிறது. முதல் அழைப்பில் சேர்ந்த சித்தூர் மண்டலங்கள் நெல்லூருக்கான அடுத்த அழைப்பிலும் அப்படியே இருக்கும். வெறுமையைத் தானமைவாக வைத்து, பட்டியலை உள்ளே புதிதாக உருவாக்குவதே தீர்வு. அவ்வாறே, ஊர்ப்பெயரை வினவல் வரியில் ஒட்டி எழுதாமல் இடக்குறி வைத்து மதிப்பைத் தனியே அனுப்பவேண்டும். ஒலிபெயர்ப்பில் வரும் ஒற்றை மேற்கோள்குறி ஒன்றே வினவலை உடைக்கப் போதும்.

மொழியியல் மாணவர் நிரலாளர் அல்லர், இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். ஒலிப்பதிவுக் கருவியின் பெயரையும் தகவலாளர் தேர்வையும் ஆய்வேட்டில் எழுதச்சொல்லும் துறை, எண்ணைப் பெற்ற வழியை மட்டும் எழுதவேண்டாம் என்பதற்கு நியாயமில்லை. எல்லைப்புறத்தில் பள்ளிகளின் பயிற்றுமொழி, சிறுபான்மை உரிமை ஆகியவை குறித்த வாதங்கள் இவ்வெண்களையே பற்றி நிற்கின்றன. மிகையான எண் ஒருநாள் வெளிப்பட்டுக் கோரிக்கையையே வலுவிழக்கச் செய்யும். குறைவான எண் ஒரு வகுப்பறையை மூடத் துணைபோகும். ஆதலால் ஒவ்வோர் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் வினவல்களையும் செயற்கூறுகளையும் முழுமையாகச் சேர்க்கும்படி துறைகள் கேட்கவேண்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அவற்றில் ஒன்றையேனும் திறந்து கேள்வி கேட்கவேண்டும்.