ஏட்டைப் பிடுங்குகிறவர்களுக்கு

மின் நிலையங்களிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் கட்டுப்பாட்டு அறையின் மேசைமீது கிடக்கும் தடித்த அட்டைபோட்ட ஏட்டை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் ‘ஒருங்கிணைந்த பராமரிப்பு மென்பொருள்’ ஒன்றை நிறுவுவதை முன்னேற்றம் என்கிறார்கள். ‘காகிதமற்ற ஆலை’ என்பது அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர். காகிதம் ஒழிவதில் எங்களுக்கு வருத்தமில்லை. காகித மணத்தை எண்ணி உருகும் கட்டுரைகள் சிற்றிதழ்களில் வேண்டிய மட்டும் வந்துவிட்டன, இன்னொன்று தேவையில்லை. எங்கள் புகார் வேறு. ஏடு இத்தனை காலம் செய்துவந்த வேலையை இந்த மென்பொருள் செய்யவில்லை. செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஏட்டை அகற்றுகிறது. இரண்டும் இருவேறு எழுத்து வகைகள் என்பதை அறியாதவர்கள், ஒன்றின் நாற்காலியில் மற்றதை உட்காரவைக்கிறார்கள். நாவலா குறுநாவலா என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் நாம், மனித உயிர்கள் தொங்கிக்கொண்டிருக்கும் இந்த வகைமைக் குழப்பத்தில் வாய்மூடி இருப்பது அழகல்ல.

‘லாக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மரக்கட்டை என்றுதான் பொருள். முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கப்பலின் பின்புறமிருந்து கடலில் எறிவார்கள். குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சுகள் கையைவிட்டு நழுவுகின்றன என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிவார்கள். கடல்வேகத்தின் அலகு இன்றைக்கும் ‘நாட்’, அதாவது முடிச்சு. அந்தக் கணக்கை எழுதிவைத்த ஏட்டுக்குக் கட்டையின் பெயரே ஒட்டிக்கொண்டது. பிறகு அதில் காற்றும் அலையும் ஏறின; நோயாளியின் பெயரும் கண்ணில்பட்ட தீவும் ஏறின. எழுதிய மாலுமிக்கு இவற்றுள் எது, என்றைக்கு, யாருக்குப் பயன்படும் என்று தெரியாது. தெரியாமலே எழுதினான். அமெரிக்கக் கடற்படையின் மாத்யூ மாரி அத்தகைய பழைய ஏடுகளைக் கிளறி, 1847 முதல் காற்று, நீரோட்ட வரைபடங்களை வெளியிட்டார். 2010இல் தொடங்கிய ‘ஓல்ட் வெதர்’ என்ற திட்டத்தில் முதல் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் ஏடுகளைத் தன்னார்வலர்கள் படியெடுத்துத் தட்பவெப்ப ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். போர் நடத்தப் போனவர்களின் ஏடு, நூறாண்டு கழித்து பூமியின் காய்ச்சலை அளக்க உதவுகிறது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பையும் இந்த இனத்தில் சேர்க்கலாம் என்பது எங்கள் எண்ணம். துறைக்கு வந்த கப்பலும் காதில் விழுந்த சேதியும் ஒரே நாளின் கீழ் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

பராமரிப்பு மென்பொருளின் பூர்வீகம் கப்பல் அல்ல, பண்டகசாலை. 1985இல் தோன்றி 2006இல் ஐ.பி.எம். கைக்கு வந்த ‘மேக்ஸிமோ’ ஆகட்டும், ‘சாப்’ நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவாகட்டும், அவை கேட்கும் கேள்விகள் தெளிவானவை. எந்த எந்திரம், அதன் எண் என்ன, என்ன பழுது, என்ன காரணம், எவ்வளவு அவசரம், எந்த உதிரி, எத்தனை ஆள், எத்தனை மணி நேரம்? பழுதுக்கு ஒரு குறியீடு, காரணத்துக்கு ஒரு குறியீடு என்று பட்டியல் முன்கூட்டியே தயார். இந்தக் கேள்விகளுக்கு அவற்றைப்போல் பதில் வைத்திருக்கும் கருவி வேறில்லை. எந்த பம்ப் எத்தனை முறை பிரிக்கப்பட்டது, எந்த பேரிங் கையிருப்பில் இல்லை என்பதை ஏட்டில் தேடினால் விடிந்துவிடும். இதை மறுப்பவர் ஆலைப் பக்கம் போகாதவர்.

ஆனால் ஓர் இரவு என்பது எந்திரங்களின் பட்டியல் அல்ல. இரவு இரண்டு மணிக்குக் குளிர்விக்கும் நீரின் அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது. இரண்டேகாலுக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டரைக்கு டர்பைனின் எண்ணெய் வெப்பம் ஒரு பாகை ஏறுகிறது. மூன்று மணிக்கு எங்கோ ஒரு பேரிங்கின் அதிர்வு கூடுகிறது. எச்சரிக்கை மணி அடிக்கும் அளவுக்கு அல்ல. ஏட்டில் இவை மூன்றும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே கையெழுத்தில் இருக்கும். காலையில் பணிக்கு வருபவர் நின்றபடியே வாசித்தாலும் மூன்று வரிகளும் ஒரு கதையாகக் கூடிவிடும். மென்பொருளில் முதலாவது நீர்க்குழாயின் கோப்புக்கும் இரண்டாவது எண்ணெய் அமைப்பின் கோப்புக்கும் மூன்றாவது டர்பைனின் கோப்புக்கும் போய்ச் சேரும், சேர்ந்தால். மூன்றையும் ஒன்றாகத் திறந்து நேரவாரியாக அடுக்கிப் பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம், மூன்றுக்கும் உறவு உண்டு என்ற சந்தேகம் முதலிலேயே இருந்தால். அந்தச் சந்தேகத்தைக் கிளப்புவதுதானே ஏட்டின் வேலை!

‘சேர்ந்தால்’ என்று நாங்கள் சொன்னது காரணமாகத்தான். மென்பொருளில் ஒரு குறிப்பை ஏற்றுவது எழுதுவது அன்று, முறையிடுவது. ஏற்றிய கணமே அதற்கு ஓர் எண் பிறக்கிறது; பராமரிப்புப் பிரிவின் கணக்கில் ஒரு நிலுவை கூடுகிறது. மாத இறுதிக் கூட்டத்தில் அந்த நிலுவைக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அவர் இரவுப்பணியாளரைத் தேடிவந்து, ‘என்ன சார், அளவெல்லாம் சரியாத்தானே இருக்கு, எதுக்கு நோட்டிபிகேஷன் போட்டீங்க?’ என்று கேட்பார். ஒருமுறை கேட்டால் போதும், மறுமுறை அவர் போடமாட்டார். ஏட்டிலோ, ‘இரண்டாம் ஃபீட் பம்ப்பின் சத்தம் நேற்றுபோல் இல்லை, அளவுகள் சரி, கவனிக்கவும்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். நம்மூர் நிலையங்களில் இதை இலக்கணம் பாராத ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அதனால் பொருள் குறைவதில்லை. யாரையும் குற்றம் சொல்லாமல், எதையும் நிரூபிக்காமல், ஒரு சந்தேகத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் வசதி அது. அனுபவம் என்று நாம் மரியாதையோடு சொல்வதில் பாதி இந்த அரைகுறைச் சந்தேகங்கள்தாம். ‘காரணம்: தேர்ந்தெடுக்கவும்’ என்று கேட்கும் கட்டத்தில் அதற்கு இடமில்லை. ‘மற்றவை’ என்று ஒரு வாய்ப்பு உண்டு; அதில் போட்டதை யாரும் வாசிப்பதில்லை.

1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ஒரு ரிலேக்குள் சிக்கியிருந்த அந்துப்பூச்சியை எடுத்து, அதை இயக்கியவர்கள் தங்கள் ஏட்டிலேயே ஒட்டி, பூச்சி ஒன்று மெய்யாகவே அகப்பட்ட முதல் சம்பவம் என்று வேடிக்கையாகக் கீழே குறித்துவைத்தார்கள். பழுதைப் ‘பூச்சி’ என்பது பொறியாளர்களிடையே அதற்கு முன்பே இருந்த வழக்கு. அதனால்தான் அது நகைச்சுவை. அந்தப் பக்கம் பூச்சியோடு இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மென்பொருள் தொழிலின் மிகப் புகழ்பெற்ற ஆவணம், எந்த மென்பொருளின் கட்டத்துக்குள்ளும் ஏறாத ஒன்று. விற்பனைப் பிரதிநிதிகள் இதை யோசித்திருப்பார்களா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் பார்த்துவிடுவோம். 1988 ஜூலை 6 இரவு வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் மாண்டார்கள். ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பரிசோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்த வேலைக்கான பெர்மிட் தாள், அதே பம்ப்பின் பராமரிப்புக்கான தாளோடு சேராமல் தனியே கிடந்தது. பணி மாறியபோது சேதி கைமாறவில்லை. மற்ற பம்ப் நின்றதும், வால்வு இல்லாத பம்ப்பை இரவுப்பணியினர் இயக்கினார்கள். பம்ப்பின் எண்ணைத் தட்டியதும் அதன்மீது நிலுவையிலுள்ள அத்தனை வேலைகளையும் காட்டும் திரை அன்று இருந்திருந்தால்? நியாயமான கேள்வி. பெர்மிட்டுகளை மென்பொருளில் பிணைப்பதை நாங்கள் முழுமனத்தோடு ஆதரிக்கிறோம். அது பட்டியலின் வேலை; பட்டியல் செய்யட்டும்.

2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் நடந்ததையும் அவர்கள் காட்டுவார்கள். பதினைந்து பேர் இறந்தார்கள், 180 பேர் காயமுற்றார்கள். இரவுப்பணியினர் ஒரு கோபுரத்தில் திரவத்தை நிரப்பத் தொடங்கியிருந்தார்கள். காலையில் வந்தவருக்கு ஏட்டில் கிடைத்தது ஒற்றை வரி. எவ்வளவு நிரப்பியாயிற்று, எது மூடியிருக்கிறது, எது பாக்கி என்று எதுவும் அதில் இல்லை. திரவம் கோபுரத்தில் ஏறிக்கொண்டிருக்க, மட்டம் காட்டும் கருவி இறங்குவதாகக் காட்டியது. ‘பாருங்கள், உங்கள் ஏடு காப்பாற்றவில்லையே’ என்பார்கள். காப்பாற்றவில்லைதான். அங்கே பஞ்சம் எழுத்துக்கு. பன்னிரண்டு மணி நேரப் பணியை ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் வாரக்கணக்கில் பார்த்த மனிதர்களிடம் அது வற்றிப்போயிருந்தது. ஒற்றை வரி எழுதியவருக்கு நேரமும் ஓய்வும் பயிற்சியும் கொடுத்துப் பத்து வரி எழுதவைப்பது ஒரு வழி. ஒற்றை வரிக்கும் குறைவாக, ஒற்றைக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கவைப்பது மற்றொரு வழி. இரண்டாவதைத் தேர்ந்துகொண்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிடுவது எவ்வளவு பெரிய துணிச்சல்!

காரணத்துக்குக் குறியீடு கேட்பதன் ஆபத்துக்குச் செர்னோபில் சாட்சி. 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1:24க்கு நான்காம் உலையின் இயக்க ஏட்டில் ஒரு பதிவு இருக்கிறது. கடும் அதிர்வுகள், கட்டுப்பாட்டுத் தண்டுகள் கீழ் எல்லையை எட்டுமுன்பே நின்றுவிட்டன, தண்டுகளைப் பிடித்திருக்கும் இணைப்பின் மின்சாரம் நிறுத்தப்பட்டது: இவ்வளவுதான் அதன் சாரம். விளக்கம் இல்லை, தற்காப்பு இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் வியன்னாவில் சோவியத் தரப்பு பழியின் பெரும்பகுதியை உலையை இயக்கியவர்கள்மீது போட்டது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு 1992இல் வெளியிட்ட இன்சாக்-7 அறிக்கைதான், உலையின் வடிவமைப்புக் குறைகளையும், குறிப்பாக உலையை நிறுத்த இறக்கிய தண்டுகளே தொடக்கக் கணங்களில் உலையின் வீரியத்தைக் கூட்டக்கூடியவையாக இருந்ததையும் முன்னுக்குக் கொண்டுவந்தது. அந்த நிமிடத்தில் காரணம் என்னவென்று அந்த அறையில் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடு என்று கட்டாயப்படுத்தியிருந்தால் எது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும்? ‘இயக்கியவர் தவறு’ என்ற குறியீடு எல்லாப் பட்டியல்களிலும் தவறாமல் இருக்கிறது. ‘வடிவமைத்தவர் தவறு’ என்பதைத் தேடிப்பாருங்கள்.

பழி என்றதும் இன்னொரு கேள்வி எழுகிறது: எழுதப்பட்டது யாருடைய கையில் இருக்கிறது? பக்க எண் அச்சிட்ட ஏட்டில் தாளைக் கிழித்தால் தெரியும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட வேண்டும். அடித்தது அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். பொய் எழுதுகிறவர்கள் ஏட்டிலும் உண்டு. நான்கு மணி அளவீடுகளை ஒரு மணிக்கே நிரப்பிவிட்டுக் கண்ணயரும் கலையை அறியாதவர் யார்? ஆனால் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதிய நான்கு வரிகள் தம்மைத்தாமே காட்டிக்கொடுத்துவிடும். மென்பொருளில் திருத்தங்களின் தடமும் பதிவாகிறது என்கிறார்கள். அந்தத் தடம் நிர்வாகியின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. எழுதியவர் கையில் இல்லை. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆலைக்கு வெளியே ஓர் உதாரணம் உண்டு. பிரிட்டனின் அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் நிறுவப்பட்ட ‘ஹொரைஸன்’ கணக்கு மென்பொருளை நம்பி, தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் திருடர்கள், மோசடிக்காரர்கள் என்று தண்டித்தார்கள். ஒரு கிளையின் பதிவுகளை அங்குள்ளவருக்குத் தெரியாமலே தொலைவிலிருந்து மாற்ற முடியும் என்பதை நீதிமன்றம் 2019இல்தான் உறுதிசெய்தது. அந்தத் தண்டனைகளைக் கூட்டாக நீக்க 2024இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. தம் கையால் எழுதிய, தாம் மட்டுமே திருத்தக்கூடிய ஒரு பதிவு எதிர்ச்சாட்சியாக ஏற்கப்பட்டிருந்தால் அவர்களில் எத்தனைபேர் தப்பியிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆக, எங்கள் சண்டை திரையோடு அல்ல. நேர வரிசையில் மட்டும் ஓடுகிற, கட்டங்கள் இல்லாத, எழுதிய பின் எவராலும் அழிக்க முடியாத, பணியில் இருப்பவருக்கே சொந்தமான ஏடு ஒன்றைத் திரையில் தந்தால் அதையும் ஏடு என்றே ஒப்புக்கொள்வோம். (மின்சாரமே நின்றுபோகும் இரவில் எதில் எழுதுவது என்பதை மட்டும் விற்பவர்கள் சொல்லட்டும். அந்த இரவில்தான் எழுதுவதற்கு அதிகம் இருக்கும்.) ‘ஒருங்கிணைந்த’ என்ற அடைமொழிதான் எங்களை உறுத்துகிறது. நடைமுறையில் அது, பணி ஆணையின் ஓரத்தில் ‘குறிப்புகள்’ என்று ஒரு சிறு பெட்டியாக ஏட்டைச் சுருக்குவது. சந்தேகத்தைப் புகாராக்காமல் வாய்திறக்கக் கூடாது என்று விதிப்பது.

மென்பொருள் வாங்கும் ஆலைகள் ஒன்று செய்யலாம். ஏட்டைத் தூக்காமல் ஓராண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுங்கள். ஆண்டு முடிவில் ஆலையை நிறுத்திய ஒவ்வொரு பழுதையும் எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய பத்து நாட்களை ஏட்டிலும் மென்பொருளிலும் படியுங்கள். சத்தம், நாற்றம், ‘நேற்றுபோல் இல்லை’ என்ற வகை முன்னறிவிப்பு எதில் இருந்தது, எதில் இல்லை என்று எண்ணுங்கள். எண்ணுகிற வேலையை மென்பொருளை விற்றவரிடமோ வாங்கிய அதிகாரியிடமோ கொடுக்காமல், இரவுப்பணி பார்க்கும் இருவரிடம் கொடுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் ஏட்டை எடுத்துக்கொண்டு போங்கள். நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம்.