ஒழுகுகிறது என்று கூடாரத்தை எறிந்து விடாதீர்கள்



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளின் கால்கள் வீட்டில் தரிக்காது. எங்காவது ஆற்றங்கரையில் டெண்ட் அடித்து ஓரிரவு தங்க வேண்டும் என்று அடம் பிடிப்பார்கள். உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலும் பழைய கூடாரம் ஒன்று சுருண்டு கிடக்கலாம். ஆசையாக வாங்கியிருப்பீர்கள், நாலைந்து பயணம் போய் வந்திருக்கும். பிறகு ஒரு மழை இரவில் ஒழுகியிருக்கும், அத்துடன் மூலைக்குப் போயிருக்கும். அதை மீண்டும் மழைக்குத் தாங்க வைப்பது எப்படி என்பதைத்தான் இம்மாதம் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டுக் கூடாரத்தை 2005ஆம் ஆண்டில் என் நானா ரியாத்திலிருந்து கொண்டு வந்தார். பெலிஹுல் ஓயாக் கரையில் பிள்ளைகள் அதற்குள் படுத்து விடியும்வரை கதை பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒருமுறை மரக்கொப்பு குத்திக் கிழிந்தபோது, மர்ஹூமா மாமி தன் தையல் மெசினில் ஒட்டுப் போட்டுத் தந்தார். இவ்வருடம் பேரப்பிள்ளைகளுக்காக அதைப் பிரித்தேன். வாந்தி வாடை போல ஒரு நாற்றம்! துணியின் உட்புறமெல்லாம் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. "குப்பை லொறிக்குக் கொடுத்து விடுவோம்" என்றார் பிள்ளைகளின் வாப்பா. மாமியின் தையலைப் பார்த்த பிறகு எனக்கு அதற்கு மனம் வரவில்லை.

விஷயத்தைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், "மெழுகுவர்த்தியை உருக்கிப் பெற்றோலில் கரைத்துப் பூசுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது" என்றார். சகோதரிகளே, இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தண்ணீர் இறங்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் துணி ஒரு பெரிய விளக்குத்திரி ஆகிவிடும். 1944 ஜூலை 6ஆம் திகதி அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தது. மழைக்குத் தாங்குவதற்காக அந்தக் கூடாரத் துணிக்குப் பெற்றோலில் கரைத்த மெழுகைத்தான் பூசியிருந்தார்கள். சில நிமிடங்களில் முழுக் கூடாரமும் எரிந்து விழுந்தது. இறந்தவர்கள் 160க்கும் அதிகம், அவர்களில் ஏராளமானோர் சிறுவர்கள். மெழுகு பூசாத துணியும் நெருப்புக்குப் பகைதான். 1997இல் மினாவில் கூடாரங்கள் பற்றி எரிந்து 343 ஹாஜிகள் மரணித்ததை நம்மில் பலர் மறக்கவில்லை. அதன் பிறகே அங்கு தீப்பற்றாத கண்ணாடி இழைக் கூடாரங்கள் நிரந்தரமாக அமைக்கப்பட்டன. நாம் பிள்ளைகளை உறங்க வைக்கும் இடம் இது. மழைக்குப் பயந்து நெருப்பை விலைக்கு வாங்கலாமா?

சரி, முறையான வழிக்கு வருவோம். முதலில் துணிக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கைகளின் பெருவிரல்களாலும் துணியைப் பிடித்துச் சற்றுப் பலமாக இழுங்கள். பழைய கடுதாசி போலக் கிழிந்தால் வெயில் அதன் நூலைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பணம் செலவழிப்பது வீண். கிழியாவிட்டால் நம்பிக்கையோடு தொடங்கலாம்.

அடுத்து, அது உண்மையில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஓரிரவில் ஒருவருடைய மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும் நீர் ஒரு தேநீர்க் கோப்பைக்குக் குறையாது. நாலு பேர் கதவையும் காற்று வழியையும் மூடிக்கொண்டு படுத்தால், விடியும்போது கூரையின் உட்புறம் நனைந்துதான் இருக்கும். அது ஒழுக்கல்ல, வியர்வை. காற்று வழியைத் திறந்து வைப்பதே அதற்கு மருந்து. சந்தேகமிருந்தால் வெயில் நாளில் முற்றத்தில் கூடாரத்தை அடித்து, ஒருவர் வெளியே நின்று குழாயால் தண்ணீர் பீச்ச, மற்றவர் உள்ளே இருந்து நீர் வரும் இடங்களைச் சோக்கால் அடையாளமிடுங்கள்.

மூன்றாவதாக, துணியின் இனத்தை அறிய வேண்டும். இன்று கடைகளில் கிடைக்கும் கூடாரங்களில் அநேகமானவை நைலோன் அல்லது பொலியெஸ்டர் துணி. அதன் உட்புறத்தில் பொலியூரித்தேன் என்ற பூச்சு இருக்கும். மழையைத் தடுப்பது இந்தப் பூச்சுத்தான். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதைந்து பசையாகி, அந்தக் கெட்ட வாடையைக் கிளப்பும். நமது நாட்டின் புழுக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லையே! விலைகூடிய சில மெல்லிய கூடாரங்களில் சிலிக்கோன் பூச்சு இருக்கும். தொட்டால் இரண்டு புறமும் வழுக்கும், ஒட்டு ரேப் அதில் பிடிக்காது. சிலிக்கோனுக்குச் சிலிக்கோன் பசைதான் ஒட்டும், வேறெதுவும் உரிந்து வரும். ஆகவே எந்தப் போத்தலை வாங்கினாலும் அதில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

நான்காவது, கழுவுதல். சலவை மெசினில் போடவே கூடாது. சலவைத் தூளும் வேண்டாம், அதன் மிச்சம் துணியில் தங்கி நீரை உள்ளே இழுக்கும். வெறும் தண்ணீரும் மெல்லிய பஞ்சும் போதும். பூஞ்சணம் இருந்தால் ஒரு பங்கு வெள்ளை வினாகிரியை நாலு பங்கு தண்ணீரில் கலந்து துடைத்து, நன்றாக அலசி விடுங்கள். கறை முழுதாகப் போகாது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நிழலில் காய விடுங்கள்.

ஐந்தாவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. பூச்சு அங்கங்கே செதில் செதிலாக உரிந்திருந்தால் காய்ந்த தூரிகையால் தேய்த்து உதிர்த்தால் போதும். எங்களுடையதைப் போல முழுவதும் பசையாகியிருந்தால், ஃபாமசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அல்ககோலைத் துணியில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். இதுவும் எளிதில் தீப்பற்றும் பொருள். ஆகவே குசினியில் அல்ல, வெளியே காற்றோட்டத்தில், கையுறை போட்டுச் செய்யுங்கள். எனக்கு இந்த ஒரு வேலைக்கு மூன்று பின்னேரங்கள் போயின.

அதன்பின் கூடாரத்துக்கென்றே விற்கும் பொலியூரித்தேன் பூச்சைப் பழைய பூச்சு இருந்த புறத்தில் மெல்லியதாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் நல்லது என்று நினைக்காதீர்கள், மடிக்கும்போது வெடித்துவிடும். ஒரு முழு நாள் காயட்டும்.

ஆறாவது, தையல்கள். பல கூடாரங்கள் துணியால் அல்ல, தையலால்தான் ஒழுகுகின்றன. ஊசி போன ஒவ்வொரு இடமும் ஓர் ஓட்டை அல்லவா? தொழிற்சாலையில் ஒட்டிய ரேப் உரிந்திருந்தால் அதை முழுதாக எடுத்துவிட்டு, அந்த இடத்தை அல்ககோலால் துடைத்து, தையல் அடைக்கும் பசையைச் சிறு தூரிகையால் பூசுங்கள். அதுவும் காய்ந்த பின் சிறிது டல்கம் பவுடர் தூவினால் மடிக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாது. கடைசியாக, வெளிப்புறத்தில் மழை நீர் முத்து முத்தாக உருண்டோடுவதற்கான ஸ்பிரே ஒன்று உண்டு. சுத்தமான துணிமேல் அடித்து, மிஞ்சியதைத் துடைத்து விடுங்கள்.

சாரணர் பிள்ளைகள் வைத்திருக்கும் பழைய பருத்திக் கன்வஸ் கூடாரத்துக்கு வழி வேறு. அதில் தண்ணீர் தெளித்து முழுவதும் நனைத்துக் காய விடுங்கள், இப்படி இரண்டு மூன்று முறை. நூல் நனைந்து ஊதி, ஊசி ஓட்டைகளைத் தானே அடைத்துக் கொள்ளும். அப்படியும் ஒழுகினால் கன்வஸுக்கென்று விற்கும் நீரில் கலந்த பூச்சை வாங்குங்கள். மழையில் அதன் உட்புறத்தைக் கையால் தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். தொட்ட இடத்தில் நீர் கசியத் தொடங்கும்.

வேலை முடிந்து கூடாரத்தை எங்கள் முற்றத்தில் அடித்தோம். பின்னேரம் நாலு மணிக்கு இடியோடு நல்ல மழை. நானும் இரண்டு பேரப்பிள்ளைகளும் உள்ளே இருந்தோம். கூரையில் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் மாமி போட்ட ஒட்டின் ஓரத்தில் மட்டும் மெல்லக் கசிந்தது. அதன் வெளிப்புறத்தில் பசை பூச மறந்திருக்கிறேன். மறுநாள் அதையும் பூசினேன். "ஒட்டைக் கழற்றிப் புதிதாகப் போடலாமே, பெரியும்மா?" என்று மூத்தவன் கேட்டான். "இந்த ஒட்டு உன் வாப்பாவின் பெரியும்மா போட்டது மகன், அது அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

இவ்வளவு பாடுபட்டுவிட்டு மீண்டும் பழைய மாதிரிச் சுருட்டி வைத்தால் பலனில்லை. ஈரத்தோடு மடித்த கூடாரத்தை வீடு வந்ததும் அன்றே விரித்துக் காய வையுங்கள். இறுகிய பையில் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, வெப்பமில்லாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் உதறிப் பாருங்கள். எங்கள் கூடாரத்தைக் கெடுத்தது மழையல்ல, அலுமாரிக்கு மேல் அது கிடந்த அந்த வருடங்கள்தான்.

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுக் கூடாரத்தையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.