வந்த வழியும் வாழ்ந்த நிலையும்

நம் மன்றத்தில் சென்ற திங்கள் நடைபெற்ற சொற்போரை அன்பர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். "அயலூரில் குடியேறியவர்களின் உயர்வுக்குக் காரணம் பண்பே, சூழ்நிலை அன்று" என்பது பொருள். ஒட்டிப் பேசிய நண்பர் அமெரிக்க நாட்டிலிருந்து சான்று காட்டினார். கொரியாவிலிருந்து சென்றவர்கள் கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், ஒரே தலைமுறையில் தலைநிமிர்ந்தார்கள். ஜமைக்காவிலிருந்து சென்றவர்கள் அவ்வாறு உயரவில்லை. ஏன்? முன்னவரிடம் உழைப்பும் சிக்கனமும் இருந்தன, பின்னவரிடம் இல்லை. இவ்வளவே அவர் வாதம். சொல்லழகு மிகுந்த பேச்சு. அரங்கம் கைதட்டியது. தட்டிய கைகளில் என் கைகளும் இருந்தன.

அன்று மாலை பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழன் கைதட்டாதவன். கிழக்கேகோட்டை வரும்வரை பேசாமலே வந்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "எங்க அம்மை விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிக்கா. இன்னும் எத்தனை மணிக்கு எந்திரிச்சா நாங்க உயருவோம், சொல்லு?"

என்னால் விடை சொல்ல முடியவில்லை. அவ்விடையைத் தேடியே இதனை எழுதுகிறேன்.

கொரியரையும் ஜமைக்கரையும் பிறகு பார்ப்போம். முதலில் நம் வீட்டு வாசலைப் பார்ப்போம். நான் கரமனை அக்கிரகாரத்தில் பிறந்தவன். என் தோழன் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் பிறந்தவன். இரண்டுக்கும் இடையே நடந்து போகும் தூரந்தான். இரண்டிடத்தும் வீட்டுமொழி தமிழ். இரு குடும்பங்களும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக இந்நாட்டுக்கு வந்தவை. தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களின் வழித்தோன்றல்களே நாங்கள் இருவரும். ஆயினும் கல்லூரியில் சேர்ந்த முதலாண்டு முழுவதும் அவன் என்னை "நீங்க" என்றான். நான் அவனை "நீ" என்றேன். இருவருக்கும் வயது ஒன்றே. இந்த வேறுபாடு என் காதில் விழவே ஓராண்டு பிடித்தது.

எங்கள் தெரு வந்த வரலாற்றைப் பாருங்கள். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர் காலத்தில், பத்மநாபசுவாமி கோவிலில் ஆறாண்டுக்கு ஒருமுறை முறைஜபம் நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. வேதம் ஓதுவார் அழைத்துவரப்பெற்றனர். ஊட்டுப்புரைகளில் அந்தணர்க்கு விலையில்லாமல் சோறு கிடைத்தது. அடுத்த வேளைக்கு என்ன என்னும் கவலை அற்றவனுக்குப் படிக்க நேரம் உண்டு. 1866 இல் இந்நகரில் அரசர் கல்லூரி எழுந்தது. ஆங்கிலம் கற்றவர்க்கு ஹஜூர் கச்சேரியில் உத்தியோகம் காத்திருந்தது. எங்கள் முன்னோர் ஒருவரும் அவ்வழியே குமாஸ்தா ஆனவர். உயர்ந்த பதவிகளில் வெளியூர் அந்தணரே நிறைந்திருந்தமையால், 1891 ஜனவரியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு மன்னரிடம் முறையிட்டனர். மலையாளி மெமோரியல் என்று வரலாற்று மாணவர் படிப்பது அதனைத்தான். குடியேறியவர்களைக் கண்டு மண்ணின் மக்கள் மனம் புழுங்கும் அளவுக்கு எங்கள் உயர்வு இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோழனின் முன்னோர் வந்த வரலாறு வேறு. நகரங்கள் பெருகப் பெருக, மலம் அள்ளவும் தெருக் கூட்டவும் ஆள் வேண்டியிருந்தது. உள்ளூரார் அத்தொழிலுக்கு வரவில்லை. எனவே கேரளத்து நகராட்சிகள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டு அருந்ததியர் குடும்பங்கள் கொண்டுவரப்பெற்றன. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947 இல் வெளியிட்ட நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழில், 'தோட்டியின் மகன்' என நம்மில் பலர் படித்திருக்கிறோம். கதை நடக்கும் ஊர் ஆலப்புழை. ஆனால் கதைமாந்தரின் பெயர்கள் இசக்கிமுத்து, சுடலைமுத்து! இசக்கியும் சுடலையும் எந்தச் சீமைத் தெய்வங்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. தன் மகன் தோட்டி ஆகக்கூடாது என்று பாடுபடும் தகப்பனின் கதை அது. அவனிடம் உழைப்பு இல்லையா? சிக்கனம் இல்லையா? இருந்தும் மகன் தோட்டியே ஆகிறான்.

எங்கள் முன்னோர் கச்சேரியில் பேனா பிடித்த காலத்தில், தாழ்த்தப்பட்ட குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தின் கதவு அடைத்திருந்தது. அய்யன்காளி போராடியபின், 1910 ஐ ஒட்டித்தான் அக்கதவு ஆணையளவிலேனும் திறந்தது. கோவில் திறந்தது 1936 நவம்பர் 12 இல். வந்த வழி ஒன்றுதான். திறந்த வாசல்கள் வேறு.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இதனை ஒப்புவதில்லை. "நாங்களும் பட்டினி கிடந்துதாண்டா படிச்சோம்" என்பார். அவர் சொல்வது பொய்யன்று. எங்கள் தெருவில் எல்லாரும் திவான்கள் அல்லர். கல்யாணச் சமையலுக்குப் போனவர்களும், அப்பளம் இட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்த கைம்பெண்களும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கைம்பெண்ணின் மகன் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்காரலாம். மனு எழுதிக் கொடுக்க அடுத்த வீட்டில் ஒரு மாமா இருந்தார். வேலைக்குச் சொல்லிவைக்க எதிர்வீட்டில் ஒருவர் இருந்தார். எங்கள் வறுமைக்கு ஏணி இருந்தது. தோழனின் முன்னோர் வறுமைக்குக் கையில் கிடைத்தது கூடையும் துடைப்பமும்.

இனிக் கடல் கடந்து போவோம். கொரியர் பெருந்தொகையாக அமெரிக்காவில் குடியேறத் தொடங்கியது 1965 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்திற்குப் பின். அவர்களுள் பலர் பட்டதாரிகள். மருத்துவர், செவிலியர், பொறியாளர். தம் பட்டம் அங்கே செல்லாதபோது காய்கறிக் கடையும் சலவைக் கடையும் வைத்தவர்களும் உண்டு. கடைக்காரர் கையில் தராசு இருந்தது. பெட்டியில் பட்டச் சான்றிதழும் இருந்தது. ஜமைக்கர் கரும்புத் தோட்டத்து அடிமைகளின் வழிவந்தவர். ஜமைக்காவில் அடிமை முறை முற்றும் ஒழிந்தது 1838 இல். ஜமைக்கா விடுதலை பெற்றது 1962 இல். அவர்கள் லண்டன் பேருந்துகளிலும் மருத்துவமனைகளிலும் உழைத்தார்கள். நியூயார்க் சென்ற ஜமைக்கப் பெற்றோரின் மகனான காலின் பவல் 2001 இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சரும் ஆனார். வாசல் திறந்தால் நுழையத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள்.

பண்பே காரணம் என்பாரிடம் இன்னொன்று கேட்கவேண்டும். கொரியர் ஜப்பானிலும் குடியேறினார்களே, அங்கே ஏன் அவ்வாறு உயரவில்லை? 1910 முதல் 1945 வரை ஜப்பானியர் கொரியாவை ஆண்டனர். அக்காலத்தில் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் கூலிகளாகக் கொரியர் ஜப்பானுக்குச் சென்றனர்; வலிந்து கொண்டுபோகப்பட்டோரும் பலர். 1952 இல் ஜப்பானியக் குடியுரிமையும் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. நெடுங்காலம் அவர்கள் அங்கே இழிவாக நடத்தப்பட்டனர். அதே கொரியர், அதே மொழி, அதே உணவு. அமெரிக்காவில் உழைப்பாளி என்று புகழப்பட்டவன், ஜப்பானில் சோம்பேறி என்றும் முரடன் என்றும் இகழப்பட்டான். பண்பு கடலுக்குக் கடல் மாறுமா? போன வழி மாறியது. கதவைத் திறந்தவர்கள் மாறினார்கள்.

சிக்கனத்தைப் பற்றியும் ஒரு சொல். கொரியர் தமக்குள் சீட்டுப் பிடித்து முதல் சேர்த்தார்கள் என்று நண்பர் வியந்து சொன்னார். உண்மைதான்; அவர்கள் அதனைக் 'கியே' என்பர். ஆனால் ஜமைக்கரிடமும் அதே சீட்டு உண்டு; 'பார்ட்னர்' என்பது அதன் பெயர். லண்டனில் வீடு வாடகைக்குக்கூடத் தர மறுத்த காலத்தில், அச்சீட்டுப் பணத்தால் வீடு வாங்கியவர்கள் பலர். சீட்டு நம் அக்கிரகாரத்திலும் உண்டு. சாலைக் கடைத்தெருவிலும் உண்டு. தோழனின் குடியிருப்பிலும் உண்டு. ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பத்தாயிரம் போடுகிறவர்களின் சீட்டில் கடை எழும். நூறு போடுகிறவர்களின் சீட்டில் மருந்துச் செலவு தீரும். பழக்கம் ஒன்றே. சட்டியின் அளவு வேறு.

இவையெல்லாம் பழங்கதை என்று எவரும் தள்ளிவிடவேண்டா. சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். முதுகலை வகுப்பில் சேர என் தோழனுக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. பட்டியல் சாதிகளைக் குறிக்கும் குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10 இல் வெளியானது. மாநிலத்துக்கு மாநிலம் பட்டியல் வேறு. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தவர் புதிய இடத்தில் அச்சலுகையைக் கோரமுடியாது என்று 1990 இல், மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோழனின் சாதிப் பெயர் கேரளப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் 1950க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள்.

அவன் கொள்ளுத்தாத்தா 1930களில் வந்தவர். அவருக்கு நிலம் இல்லை. ஆகவே பத்திரம் இல்லை. பள்ளிக்கூடம் போகவில்லை, ஆகவே பதிவேட்டில் பெயர் இல்லை. வேலைக்காகக் கிடைத்த வீட்டில் குடியிருந்தார். ஆகவே வரிச்சீட்டு இல்லை. நாற்பது ஆண்டுகள் இந்த ஊரைக் கூட்டிய மனிதர் இந்த ஊரில் இருந்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை!

அதே ஆண்டில் என் தம்பிக்கும் ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. முற்பட்ட வகுப்பு ஏழைகளுக்காக 2019 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வகுத்த பத்து விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கானது அது. வருமானம் கேட்டார்கள், சொத்து விவரம் கேட்டார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊர்க்காரர் என்று ஒருவரும் கேட்கவில்லை. சான்றிதழ் கிடைத்தது. தோழனுக்குப் பொதுப்பிரிவில் இடம் கிடைத்தது. கட்டணச் சலுகை கிடைக்கவில்லை. அவன் தாய் தன் சீட்டைப் பெரிய தள்ளுபடிக்கு எடுத்துக் கட்டணம் கட்டினாள். ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தக் கூலிக்குத் தரை துடைப்பவள் அவள். நம் பட்டிமேடையில் 'சிக்கனம் இல்லாதவர்கள்' என்ற சொல் விழுந்தபோது அவன் கை எவ்வாறு தட்டும்?

ஜமைக்கருக்கும் இதே துயரம் நேர்ந்தது. 1948 சூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் வந்தவர்களும், அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும் பிரிட்டனைத் தம் நாடென்றே எண்ணி உழைத்தார்கள். 1973க்கு முன் வந்தோர்க்கு அங்கே தங்க உரிமை இருந்தது. ஆனால் பின்னாளில், எப்போது வந்தாய் என்பதற்குச் சான்று காட்டு என்றார்கள். அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டும் சீட்டுகளை 2010 இல் அரசே அழித்துவிட்டிருந்தது. முதியவர்கள் வேலை இழந்தார்கள், மருத்துவம் மறுக்கப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தவும் பட்டார்கள். 2018 இல் இது வெளிப்பட்டு நாடே தலைகுனிந்தது.

"உள்ளூர்த் தாழ்த்தப்பட்டவரின் இடத்தை வெளியூரார் கொண்டுபோகலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. அந்த வரம்பு தேவை என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் நான்கு தலைமுறையாக இங்கே பிறந்து இங்கேயே மண்ணானவர்களை வெளியூரார் என்பது எவ்வாறு தகும்? அவர்கள் கேட்பது புதிய சலுகை அன்று. இருந்த உண்மைக்கு ஓர் எழுத்து.

அந்த எழுத்தைத் தேடித்தர நம்மால் முடியும். நம் நகரிலேயே மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள், சம்பளப் பட்டியல்கள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் எங்கெங்கே உள்ளன என்று தேட வரலாற்று மாணவர் இருக்கிறார்கள். மனு எழுதச் சட்ட மாணவர் இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கு மூன்று மாதம் உழைக்கும் மன்றம், இதற்கு ஒரு கோடை விடுமுறையைத் தரலாகாதா? பத்துப் பேர் சேர்ந்தால் போதும். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் அன்று ஒரு மாமா எழுதிக்கொடுத்த மனுவால் ஒரு குடும்பம் நிமிர்ந்தது. அந்த மாமாவின் வேலையை அடுத்த தெருவுக்கும் செய்யச் சொல்கிறேன், அவ்வளவே.

தோழனின் கேள்விக்கு இப்போது விடை சொல்வேன். அவன் தாய் இன்னும் முன்னதாக எழவேண்டா. அவள் எழுந்து நெடுநேரமாகிவிட்டது. எழவேண்டியவர்கள் நாம்.