வாட்ஸ் கணக்கு

'11 சேனல், ஒவ்வொன்றுக்கும் 140 வாட்ஸ்' என்று லட்ச ரூபாய்க்கு மேல் விற்கிற ஏ.வி. ரிஸீவர்களில் போடுகிறார்களே, பக்கத்தில் உள்ள பொடி எழுத்தைப் படித்திருக்கிறீர்களா? அந்த 140, பெரும்பாலும் இரண்டு சேனல் மட்டும் பாடும்போது அளந்தது. பதினொன்றும் சேர்ந்து கத்தினால் ஆளுக்குக் கிடைப்பது குறையும். பவர் சப்ளை ஒன்றுதானே! கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே சம்பளம் மாதிரி.

ஆபீஸ் நண்பர் ஒருத்தர், 70 வாட்ஸ் மாடல் போதாதென்று இதற்காக பி.எஃப். பணத்தில் கைவைக்கத் துடிக்கிறார். "டபுள் சத்தம் சார்!"

வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான், சுவாமி. காதுக்கு டபுளாகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். (அதற்குள் மாடிவீட்டு மாமி இறங்கி வந்துவிடுவார்.) முக்கால்வாசி வசனம் சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதை நல்லதாக வாங்கி, ஜன்னலுக்குக் கனமாக ஒரு திரை போடுமய்யா என்றேன்.

"திரை எத்தனை வாட்ஸ்?" என்கிறார்.