ஸ்கேனர் சொல்லாத கோளாறு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்தக் கோளாறு வந்தாலும் ஒரு புரோகிராமை இயக்கினால் போதும், அதுவே கண்டுபிடித்துச் சொல்லிவிடும் என்பதுதான் அது. இதே நம்பிக்கை இப்போது கார்களுக்கும் வந்துவிட்டது. ஸ்டீரிங்கின் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் சிறிய ஓபிடி அடாப்டரைச் செருகி, புளூடூத் மூலம் லேப்டாப்புடனோ போனுடனோ இணைத்தால் காரின் கோளாறு எண்கள் திரையில் வருகின்றன. "கோளாறு எதுவும் இல்லை" என்று வந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். அந்த நிம்மதி சரிதானா?

ஓபிடி எதற்காக வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பாவில் 2001 முதல் புதிய பெட்ரோல் கார்களிலும் இது கட்டாயமானது. புகையினால் ஏற்படும் மாசைக் கண்காணிப்பதுதான் இதன் முதல் வேலை. சென்சார் உள்ள இடத்தைப் பற்றி மட்டுமே இதனால் பேச முடியும்.

இப்போது ஓர் உதாரணம். 1997 முதல் 2006 வரை இங்கிலாந்தில் தயாரான முதல் தலைமுறை லேண்ட்ரோவர் ஃப்ரீலேண்டர், நான்கு சக்கரங்களும் இழுக்கும் கார். முன்பக்கத்திலிருந்து பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டு செல்லும் ஷாஃப்ட்டின் நடுவில் விஸ்கஸ் கப்ளிங் என்ற மூடிய உருளை இருக்கிறது. அதற்குள் மெல்லிய உலோகத் தட்டுகளும் கெட்டியான சிலிக்கோன் திரவமும் உள்ளன. தட்டுகளில் பாதி ஒரு பக்க ஷாஃப்ட்டுடனும், மீதி மறுபக்க ஷாஃப்ட்டுடனும் சுற்றும். சேற்றில் முன் சக்கரம் வழுக்கினால் இரண்டு வகைத் தட்டுகளின் வேகமும் மாறுபடும். அப்போது திரவம் சூடேறி, தட்டுகளை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். சக்தி பின்னால் போகும். இதில் சென்சாரும் இல்லை, ஒயரும் இல்லை.

வயதாக ஆக இந்தக் கப்ளிங் இறுகிப் போவதுண்டு. அப்போது திரும்பும்போதுகூட முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றக் கட்டாயப்படுத்தப்படுகின்றன. டயர் தேயும், ஷாஃப்ட்டில் முறுக்கம் ஏறும், கடைசியில் முன்பக்கக் கியர் பெட்டியோ, பின் டிஃபரன்ஷியலோ உடையும். அதுவரை ஸ்கேனர் "எல்லாம் சரி" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மிக எளிய வழிகள் இருக்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் ஸ்டீரிங்கை முழுவதும் திருப்பி, மெதுவாக ரிவர்ஸில் வந்து கிளட்சை மிதியுங்கள். கார் தானாக உருள வேண்டும். யாரோ பிரேக் பிடித்ததுபோல் நின்றுவிட்டால் கப்ளிங் மீது சந்தேகப்படலாம். அடுத்த சோதனையை மெக்கானிக் செய்வது நல்லது. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, நீண்ட கம்பியால் சக்கரத்தைச் சீராக அழுத்த வேண்டும். மெதுவாகச் சுற்றினால் நல்லது. அசையவே மறுத்தால் இறுகிவிட்டது. தடையே இல்லாமல் சுற்றினால் கப்ளிங் பிடிப்பை இழந்துவிட்டது என்று பொருள். கப்ளிங்கை மாற்றும்போது நான்கு டயர்களும் ஒரே அளவா, ஒரே அளவு தேய்ந்தவையா என்றும் பார்க்க வேண்டும். டயர்கள் மாறுபட்டால் புதிய கப்ளிங்கும் ஓயாமல் சூடாகும்.

"கார் விஷயம் நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் மேஜை மீதும் இதே கதைதான். ஹார்ட் டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, ஸ்மார்ட்டின் நான்கு முக்கிய எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை! மதர்போர்டில் கெபாசிட்டர் உப்பியிருப்பதையும் எந்தப் புரோகிராமும் பார்க்காது. பெட்டியைத் திறந்து பார்க்கும் கண்தான் பார்க்கும்.

ஸ்கேனரைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. என்ஜின் கோளாறுகளில் அது பல மணி நேர உழைப்பை மிச்சப்படுத்துகிறது. ஆனால் "கோளாறு இல்லை" என்று திரையில் வந்தால், "நான் பார்க்கும் இடத்தில் கோளாறு இல்லை" என்றுதான் படிக்க வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவருக்கும், பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவருக்கும் இது பொருந்தும். விற்பவர் திரையைக் காட்டினால் பாருங்கள். பிறகு சாவியை வாங்கி வண்டியை ஓட்டிப் பாருங்கள். ஸ்குரூ டிரைவரை வாங்கிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் எல்லாம் சரி என்று வந்தாலும், முக்கிய ஃபைல்களுக்கு பேக்அப் எடுக்காமல் தூங்கப் போகாதீர்கள்.